காரம் பட்ட கண்

ஆலைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அமிலம், காரம், உப்பு என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதையெல்லாம் உங்கள் வாத்தியார்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சவுக்காரம், அதாவது சோப்பு, காய்ச்சுகிற பக்குவத்தை நம் மேஸ்திரியோடு கொஞ்ச நாள் நின்றாலே பிடித்துக்கொள்வீர்கள். நான் பேச வந்தது இரண்டு மனிதர்களைப் பற்றி. ஒருவர் என் முதல் வேலையில் எனக்கு மேலே இருந்தவர். இன்னொருவர் என் நண்பர். இருவருமே இந்தத் தொழிலில் அடிபட்டவர்கள். ஒருவர் அதைத் தாங்கிக்கொண்டார். இன்னொருவரால் முடியவில்லை.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது திண்டிவனத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆட்டும் ஒரு எண்ணெய் ஆலையில். யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால். ஆலைக்குப் பின்புறம் ஒரு அறை. அதற்கு லேபரட்டரி என்று பெயர். அங்கே ஒரு பெரியவர் கெமிஸ்டாக இருந்தார். எண்ணெயில் அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அதிகம் பேசமாட்டார். ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் சாயங்காலம் வரை அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. புட்டிகளில் ஒட்டியிருந்த காகிதங்களையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. வண்ணமுள்ள சாமான்களை அடையாளம் கண்டுகொண்டோம். தண்ணீர் போல இருந்த சில புட்டிகள் மட்டும் எது எதுவென்று தெரியவில்லை. எனக்கு அப்போது பரீட்சை பாஸ் செய்த சூடு இன்னும் ஆறவில்லை.

"லிட்மஸ் காகிதம் போட்டுப் பார்த்துடலாமே சார்" என்றேன்.

"செவப்பாச்சுன்னா?"

"அமிலம்."

"எந்த அமிலம்? எவ்வளவு கெட்டி? அது காகிதத்துல தெரியுமா?"

அவர் அந்தப் புட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போய், நிறையத் தண்ணீரில் ஊற்றிக் கலந்து, தனித்தனிப் பள்ளங்களில் கொட்டினார். அதில் நல்ல சாமான்கள் இருந்தன. சென்னையிலிருந்து வரவழைத்தவை. விஷயம் முதலாளிக்குப் போய்விட்டது. அவர், ஆட்கள் எல்லாரும் பார்க்க, முற்றத்தில் நின்று கேட்டார்.

"இத்தினியும் கொட்டிட்டீங்களாமே? எது எதுன்னு படிச்சவருக்கே தெரியலையா?"

"தெரியலைங்க" என்றார் பெரியவர்.

"அப்போ நீங்க எதுக்கு இருக்கீங்க?"

பெரியவர் உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டு எண்ணெய் சோதனையைத் தொடர்ந்தார். எனக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. ஏதாவது சமாளித்திருக்கலாமே என்று நினைத்தேன். தெரியாது என்று பத்துப் பேர் நடுவில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கே அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்தபோதுதான் புரிந்தது. அதை அவரிடம் போய்ச் சொல்ல ஆசைப்பட்டேன். அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

யுத்தம் தொடங்கிய பிறகு நான் விழுப்புரத்துக்கு மாறினேன். ரயிலடியிலிருந்து சற்றுத் தூரத்தில் ஒரு சவுக்கார ஆலை. அங்கே எனக்கு மேலே இருந்த கெமிஸ்ட் என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவர். சொந்த ஊர் திண்டிவனம். நான் அங்கே வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் ஊர்க்காரன் போலவே என்னை நடத்தினார். மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

கவனம் என்றால் அப்படி ஒரு கவனம். எடை போட்டதை மறுபடி எடை போடுவார். ஆலையில் வேலை செய்த பெண்களுக்கும் ஆண்களுக்கும் எதை ஏன் செய்கிறோம் என்று நின்று சொல்லிக்கொடுப்பார். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். மற்ற இடங்களில் கூலி ஆளிடம் யாரும் காரணம் சொல்வதில்லை.

யுத்தத்தால் காஸ்டிக் சோடா கிடைப்பது அரிதாகிவிட்டது. எங்கிருந்தெல்லாமோ வரும். சில சமயம் இரும்பு டிரம்மில் பாறை போல இறுகி வரும். டிரம்மை வெட்டித் திறந்து, உள்ளே இருப்பதைச் சம்மட்டியால் உடைத்து, துண்டுகளைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அது எவ்வளவு பொல்லாத சாமான் என்று அவர் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார்.

"இது காரம். இதும்மேல தண்ணிய ஊத்தினா கொதிச்சு மூஞ்சில அடிக்கும். தண்ணியிலதான் இதைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். மாத்திச் செஞ்சிடாதீங்க."

கூட்டத்தில் கன்னியம்மா என்று ஒரு பெண் இருந்தாள். கெடார் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். புருஷன் ரயிலடியில் மூட்டை தூக்கினான். கன்னியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"காரம்னா மொளகா மாதிரியாங்க? நாக்குல வெச்சுப் பாத்தாத்தானே தெரியும்?"

"ஐயையோ, அப்படி ஒண்ணும் பண்ணிடாதே தாயே!" என்று அவர் பதறினார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். "மொளகா எரியும், அப்புறம் அடங்கிடும். இது அடங்காது. தின்னுக்கினே உள்ள போகும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பவம் நடந்தது ஒரு முற்பகலில். காஸ்டிக் கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் போலத் தெறிக்காமல் இருக்கச் சாக்கை மறைப்பாகக் கட்டித்தான் உடைத்தார்கள். கன்னியம்மா வாளி எடுக்கக் குனிந்து நிமிர்ந்தாள். எப்படியோ ஒரு சில்லு சாக்கைத் தாண்டி அவள் கண்ணில் பட்டுவிட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

நான் அப்போது வாசல் பக்கம் எடைபோடுகிற இடத்தில் இருந்தேன். அலறல் கேட்டுத் திரும்பினேன். கன்னியம்மா ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை நோக்கி ஓடினாள். தொட்டி நிறைய நல்ல தண்ணீர் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து கெமிஸ்ட் ஓடிவந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி வேணாம் கன்னியம்மா! தண்ணி பட்டா சூடேறிடும்!"

"எரியுதுங்களே! உடுங்க ஐயா, உடுங்க!"

"கொஞ்சம் பொறுத்துக்கோ. மருந்து கொண்டாறேன். இவளைத் தண்ணிகிட்ட உடாதீங்க!"

பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் லேபரட்டரிக்குள் ஓடினார். நான் கன்னியம்மாவிடம் வந்து சேர்ந்தேன். அவர் சொன்னது சரியென்றுதான் எனக்கும் பட்டது. காஸ்டிக்கில் தண்ணீர் சேர்ந்தால் சூடேறும் என்பது பாலபாடம். காரத்தை அமிலம் சமன்செய்யும் என்பதும் பாலபாடம். கண்ணுக்கு ஏற்ற சாதுவான அமிலம் போரிக். முதலுதவிப் புத்தகங்களிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அவருக்கு எல்லாமே ஞாபகம் வந்தது. எல்லாமே சரியாகவும் இருந்தது.

உங்களுக்கு இப்போது தெரியும். கண்ணில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. சில்லு விழுந்த உடனே அதில் கரையத் தொடங்கிவிடும். கரைந்தது உள்ளே இறங்கிக்கொண்டே போகும். அதை அடித்துக்கொண்டு போக நிறையத் தண்ணீர் வேண்டும், உடனே வேண்டும். அத்தனை தண்ணீரில் அந்தத் துளிச் சில்லின் சூடு ஒன்றுமே இல்லை.

உள்ளே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? போரிக் பவுடரை நிறுத்துக்கொண்டிருந்தார். அதிகமாகப் போனால் கண்ணுக்கு ஆகாது என்று அளந்து எடுத்திருக்கிறார். பச்சைத் தண்ணீரில் அது லேசில் கரையாது. அதனால் வெந்நீரில் கரைத்து, சூடு ஆறட்டும் என்று கிண்ணத்தை இன்னொரு பாத்திரத்தில் வைத்து ஆற்றியிருக்கிறார். வேறு எந்த நாளிலும் அவர் அப்படித்தான் செய்வார். அவ்வளவு நேரமும் கன்னியம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

அவர் வந்து போரிக் கரைசலை ஊற்றினார். எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. அதற்குள் ஒருவன் ஜட்கா வண்டி பிடித்து வந்தான். நாங்கள் இருவரும் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற சிப்பந்தி என்னவென்று கேட்டான். கன்னியம்மாவே பதில் சொன்னாள். "கண்ணுல காரம் பட்டுடுச்சுங்க."

"மொளகாத் தூளா? அந்தப் பக்கம் உக்காரு. டாக்டரு நோயாளிங்களப் பாத்துக்கினு இருக்காரு."

"மொளகா இல்லய்யா, காஸ்டிக் சோடா! காஸ்டிக்!" என்று கெமிஸ்ட் கத்தினார். அவர் உரக்கப் பேசி நான் கேட்டது அன்றுதான். சிப்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் உள்ளே இருந்த டாக்டர் காதில் அது விழுந்துவிட்டது. எழுந்து ஓடிவந்தார். வந்ததும் அவர் கேட்டது மருந்தை அல்ல, தண்ணீரை. இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு பாத்திரம் பாத்திரமாக ஊற்றச் சொன்னார். அது வெகுநேரம் நடந்தது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். கன்னியம்மாவின் புருஷனும் ரயிலடியிலிருந்து ஓடிவந்து சுவரோரம் குந்தியிருந்தான். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

முதலாளி முந்திக்கொண்டார். "இவங்களுக்கு எத்தினி தடவ சொன்னாலும் ஏறாதுங்க டாக்டர். வேடிக்க பாத்துக்கினு நிப்பாங்க."

"அதை நான் கேக்கலை. கண்ணுல பட்ட உடனே தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினோம், ஊத்தினோம். தண்ணிக்கு அங்க பஞ்சமா?"

முதலாளி எங்களைப் பார்த்த பார்வையிலேயே என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கெமிஸ்ட் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இல்லைங்க டாக்டர். அவ தண்ணிகிட்டதான் ஓடினா. நான்தான் புடிச்சு நிறுத்தினேன். சூடாயிடும்னு நெனைச்சேன். போரிக் கலக்கப் போனேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

டாக்டர் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "போரிக் தப்பில்ல. புஸ்தகத்துல இருக்கிறதுதான். ஆனா அது அப்புறம். முதல்ல தண்ணி. கைக்கு எது கிடைக்குதோ அந்தத் தண்ணி."

சுவரோரம் இருந்த புருஷன் எழுந்து வந்து கேட்டான். "கண்ணு வந்துடுங்களா?"

"பாக்கலாம்ப்பா" என்றார் டாக்டர்.

கண் வரவில்லை. பூ விழுந்து வெளுத்துப் போயிற்று. சில மாதம் கழித்துக் கன்னியம்மா வேலைக்குத் திரும்பினாள். சவுக்காரக் கட்டிக்குக் காகிதம் சுற்றுகிற அறையில் அவளை உட்கார வைத்தார்கள். பேச்சு மட்டும் பழையபடியே இருந்தது.

கெமிஸ்ட்தான் மாறிவிட்டார். முதலாளி அவரிடம் முகம்கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார். "உண்மையெல்லாம் வூட்டுல வெச்சிக்கணும்" என்று ஒருமுறை ஜாடையாகச் சொன்னார். அதை அவர் பொருட்படுத்தவில்லை. கன்னியம்மாவின் முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. காகிதம் சுற்றுகிற அறை வழியாகப் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் வெளியே சுற்றிக்கொண்டு போனார். லேபரட்டரியில் ஒரு புட்டியை எடுப்பார், திரும்ப வைத்துவிடுவார். சாதாரணச் சோதனைகூட என்னைச் செய்யச் சொல்வார்.

ஒருநாள் காலையில் அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"நான் ஊருக்குப் போறேன். இனிமே நீ பாத்துக்கோ."

"எதுக்கு சார்? டாக்டரே தப்பில்லன்னு சொன்னாரே?"

"போரிக் தப்பில்லன்னு சொன்னாரு. நான் அவ கையைப் புடிச்சது தப்பில்லன்னு சொல்லலியே."

"நீங்க போயிட்டா வேற எவனாவது வருவான். அவனும் இதையேதான் பண்ணுவான். உங்களுக்குத்தான் இது தெரியும். நீங்கதான் இருக்கணும்."

"நீ இருக்கியே" என்றார். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். ரயிலடி வரை கூடவே பேசிக்கொண்டு போனேன். என் பேச்சு எதுவும் எடுபடவில்லை.

அவர் இடத்தில் என்னை வைத்தார்கள். கட்டி உடைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொட்டி கட்டினேன். தினமும் காலையில் அதில் தண்ணீர் மாற்றினார்களா என்று நானே போய்ப் பார்ப்பேன். காரம் பட்டாலும் அமிலம் பட்டாலும் முதலில் தண்ணீர், யாரையும் கேட்க வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் சொல்லவைத்துக் கேட்பேன். அதன் பிறகும் சில்லுகள் தெறித்திருக்கின்றன. யாருக்கும் கண் போனதில்லை. ஆனால் அதைச் சொல்லி நான் பெருமைப்பட முடியாது. அது அவரிடமிருந்து எனக்கு வந்தது. அவர் போகாமல் இருந்திருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்.

ஒருநாள் கன்னியம்மா என்னிடம் கேட்டாள். "அந்த ஐயா எங்கங்க இருக்காரு?"

"திண்டிவனத்துலன்னு கேள்வி. ஏன்?"

"கண்ணு போனது போச்சுங்க. நான்தான் வேடிக்க பாத்துக்கினு நின்னேன்னு மொதலாளி சொன்னாராமே? அப்போ எம்மேல தப்பில்லன்னு அந்த ஐயாதான் சொன்னாராம். எங்க வூட்டுக்காரரு இன்னும் அதையே சொல்லிக்கினு கெடக்காரு." காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். சற்றுக் கழித்துத் தலை நிமிர்ந்தாள். "ஆனா ஒரு வாட்டி வந்து என்னப் பாத்தாரா? எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்த கேட்டாரா? அதான் எனக்கு ஆறல."

சுதந்திரம் வந்த பிறகு ஒரு வேலையாகத் திண்டிவனம் போனேன். விசாரித்துக்கொண்டு போய் அவரை ஒரு மல்லாட்டை மண்டியில் கண்டுபிடித்தேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டார். தெருக்கோடியில் இருந்த கடையில் காபி குடித்தோம்.

புதிய ஆலைகள் வருகின்றன, நல்ல கெமிஸ்டுக்கு எல்லா இடத்திலும் கிராக்கி என்றேன். கேட்டுக்கொண்டார். பிறகு கன்னியம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"வந்து பாக்கணும்தான்" என்றார். "பாத்து இன்னான்னு பேசுறது? எனக்கு ஒண்ணும் வரலியே."

"நீங்க பேச வேணாம். அவ பேசிக்குவா."

அதற்கு லேசாகச் சிரித்தார். கன்னியம்மாவுக்குக் கண் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "வர்றேன்" என்றார்.

பிறகு, ஆலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டார். தொட்டியைப் பற்றிச் சொன்னேன். நடந்ததையும் சொல்கிறேன், ஆனால் உங்கள் பெயரைச் சொல்வதில்லை, யாரோ ஒரு கெமிஸ்ட் என்றுதான் சொல்கிறேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஏன் சொல்றதில்ல?"

"எதுக்கு உங்க பேரைக் கெடுக்கணும்னுதான்."

"யாரோ ஒருத்தன்னு சொன்னா, யாரோ ஒரு முட்டாள் பண்ணிட்டான்னு கேட்டுக்கினு போயிடுவாங்க. தனக்கு வராதுன்னு நெனைச்சுக்குவாங்க. பேரைச் சொல்லு. படிச்சவன்னு சொல்லு. கவனமா இருந்தவன்னும் சொல்லு. அப்பதான் பயப்படுவாங்க."

சரியென்று தலையாட்டினேன். அவரை மண்டி வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ரயிலேறினேன்.

அவர் விழுப்புரத்துக்கு வரவே இல்லை. கொஞ்ச காலம் வரை கன்னியம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவர் இறந்த செய்தி எனக்கு வெகுநாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அதைச் சொன்னபோது அவள் கையிலிருந்த காகிதத்தை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பிள்ளைகளே, உங்களில் யாராவது ஒருநாள் தப்பு செய்வீர்கள். நன்றாகப் படித்ததனாலேயே செய்வீர்கள். அன்றைக்கு வேலையை விட்டு ஓடிவிடாதீர்கள். உங்களோடு வேலை செய்கிறவர் செய்தால் அவரையும் போகவிடாதீர்கள். அடிபட்டவரைப் போய்ப் பாருங்கள். பேச வார்த்தை இல்லாவிட்டாலும் போய் நில்லுங்கள்.

நண்பரிடம் தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, இத்தனை வருஷமும் அவர் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கேட்கிறவர்கள் அவரை ஏளனமாக நினைத்துவிடுவார்களோ என்று பயம். இன்று சொல்கிறேன். அவர் பெயர் தணிகாசலம். நான் பார்த்த கெமிஸ்டுகளில் அவரைவிடக் கவனமானவர் கிடையாது.